அப்புறம் என்றால் வேண்டாம்

எங்கள் ஊர் ஹால்விக்கில் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்வதில்லை. 'அப்புறம் பார்க்கலாம்' என்போம். கேட்டவர் புரிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். என் அத்தை மகள் ஹார்டிஸை ஒருவன் கல்யாணத்துக்குக் கேட்டான். அவள், அறுப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வருஷம் அவள் தங்கையைக் கட்டிக்கொண்டான். மூன்று பேரும் கடைசிவரை ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் ஊரில் அவ்வளவு மரியாதை.

இதை முதலில் சொல்லிவிட்டால்தான் ஓர்லினுக்கு நடந்தது விளங்கும்.

ஓர்லின் ஹாகெருட் என் தங்கை லவோனின் புருஷன். தெல்மாவின் மூன்றாவது பிள்ளை. தெல்மா எங்கள் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்காள் முறை என்பதால் கல்யாணத்துக்கு முன்பே அவன் எங்கள் வீட்டில் புழங்கினவன்தான். ஊருக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் ஆலையில் முப்பத்தொரு வருஷம் கலவை போட்டான். நான் அங்கே மிக்சர் லாரி ஓட்டினேன், ஒன்பதாம் எண் வண்டி. மேலே கண்ணாடிக் கூண்டில் அவன், கீழே நான். மணல், ஜல்லி, தண்ணீர், சிமென்ட் எல்லாம் அவன் கையிலிருந்து என் உருளைக்குள் விழும். அத்தனை வருஷத்தில் ஒரு லோடு கூடக் கெட்டுத் திரும்பி வந்ததில்லை. அவன் அதைப் பெருமையாகச் சொன்னதும் இல்லை. அவனுக்கு இருந்தது பெருமையல்ல, பயம். அந்தப் பயத்துக்குப் பெயர் ஆர்விட்.

ஆர்விட், ஓர்லினுக்குப் பெரியப்பா. அந்தக் காலத்தில் அதே ஆலையில் அதே வேலை பார்த்தவர். எழுபத்து நாலில், சறுக்கிக்கொண்டே ஹாக்கி ஆடுகிற ஊரின் பழைய ஐஸ் அரங்கத்துக்குத் தரை போட்டபோது அவர்தான் கலவை. ஐஸ் அரங்கத்துத் தரையை விடாமல் ஒரே ஓட்டமாகப் போட வேண்டும். உள்ளே வரிசை வரிசையாகக் குளிர்க்குழாய்கள் ஓடுகின்றன. பாதியில் நிறுத்தினால், காய்ந்துபோன பாதியும் புதுப் பாதியும் ஒன்று சேராது. நடுவில் ஒரு ஒட்டு விழும். அன்று மத்தியானம் ஆலையில் ஜல்லி ஏற்றும் பட்டை அறுந்துபோனது. மீதித் தரையை மறுநாள் காலையில்தான் போட்டார்கள். ஒட்டு விழுந்துவிட்டது. ஜனவரிக் குளிரில் ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் ஐஸ் வெடிக்கும். சறுக்கி வருகிறவன் கவிழ்ந்து விழுவான். ஊர் அதற்கு 'ஆர்விட்' என்று பெயர் வைத்துவிட்டது. "ஆர்விட்ல தடுக்கிட்டேன்" என்று ஆர்விட்டைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் சொல்லும். அவர் செத்தபோது பாதிரியார் சவப்பெட்டிக்கு முன்னால் நின்றே அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். பெட்டி தூக்கின ஆறு பேரில் ஓர்லினும் ஒருவன். நான் அவனுக்கு எதிர்ப்பக்கம். அவன் சிரிக்கவில்லை.

பிறகு அந்தத் தரையில் குழாய் உடைந்து அரங்கத்தையே மூடினார்கள். புதிய அரங்கத்துக்காக ஊர் ஒன்பது வருஷம் பாடுபட்டது. அதற்கான குழுவுக்குத் தலைவி க்வெண்டா ராஸ்க். அதற்கு நிதி சேர்க்க மாதம் ஒரு ஞாயிறு தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று ஊருக்கே பான்கேக் வார்த்துப் போட்டவள். அவளிடம் ஓர்லின் ஒரே ஒரு வாக்குக் கொடுத்தான்.

"க்வெண்டா, இந்தத் தரையில ஒட்டு இருக்காது."

அவ்வளவுதான் அவன் பேச்சு. அதற்குமேல் கேட்டால் தொண்டையைக் கனைப்பான்.

இதற்கு மூன்று வருஷம் முன்பு ஆலை கைமாறிவிட்டிருந்தது. பழைய முதலாளியின் பிள்ளைகள் அதை நகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். புதியவர்கள் கூண்டுக்குள் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். எட்டு சுவிட்சும் வட்ட எடைமுள்ளும் இருந்த சாம்பல் நிற இரும்புப் பலகையைக் கழற்றி எறிந்தார்கள். கையால் போட்டால் தப்பு வருமாம். அந்தப் பலகையை என் வண்டியில்தான் ஏற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் உள்ளங்கை நாறுவதுபோல் இருக்கிறது.

கம்ப்யூட்டர் மேல் ஓர்லினுக்குப் பகை இல்லை. நன்றாகவே கற்றுக்கொண்டான். அவனுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். வேலை மும்முரமாக இருக்கும்போது திரையின் நடுவில், எடை காட்டும் எண்களுக்கு மேலேயே, ஒரு பெட்டி வந்து உட்காரும். உங்கள் கணினியைப் புதுப்பிக்க வேண்டும், இப்போது மறுதொடக்கம் செய்யலாமா, அப்புறம் நினைவூட்டலாமா என்று கேட்கும். அது என்ன புதுப்பிப்பு, யாருக்காக, அதனால் மணல் இன்னும் நன்றாக விழுமா என்று ஒன்றும் சொல்லாது. ஓர்லின் 'அப்புறம்' என்பதை அமுக்குவான். பெட்டி போய்விடும். மறுநாள் வரும். அமுக்குவான்.

நான் ஒருநாள் மேலே ஏறிப்போனபோது இதைப் பார்த்து, என்ன அது ஓயாமல் கேட்கிறது என்றேன்.

"வெவரம் கெட்டது மச்சான். ஒருதடவ சொன்னா வெளங்காது போல."

எங்கள் ஊர்க்காரன் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்வான். 'அப்புறம்' என்று நாற்பது தடவை சொன்னால், எப்பேர்ப்பட்ட தடித்தோல் விற்பனைக்காரனும் படியிறங்கிப் போய்விடுவான் என்று நம்பினான். அந்தச் சனியன் ஒவ்வொரு 'அப்புறம்' என்பதையும் சம்மதம் என்று எண்ணிக்கொண்டே வந்திருக்கிறது.

தரை போட்டது அக்டோபர் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கு முதல் வண்டி கிளம்பியது. மொத்தம் இருபத்தாறு லோடு. எட்டு வண்டிகள் மாறி மாறி ஓடினோம். அரங்கத்தில் க்வெண்டா கையில் வயர்லெஸ்ஸோடு நின்றாள். தரையைச் சமன் செய்கிறவர்கள் முட்டிக்குப் பலகை கட்டிக்கொண்டு கோடாக நகர்ந்து வந்தார்கள். வானம் தெளிவு. மேற்கிலிருந்து காய்ந்த காற்று. பத்தரை மணிக்குள் பன்னிரண்டு லோடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஓர்லின் கூண்டுக்குள் விசிலடித்தது வயர்லெஸ்ஸில் கேட்டது. அதற்குமுன் அவன் விசிலடித்து நான் கேட்டது அவன் கல்யாணத்தன்றுதான்.

பதின்மூன்றாவது லோடு என்னுடையது. வண்டியைக் கூண்டுக்குக் கீழே பின்னால் விட்டு நிறுத்தினேன். ஜல்லி விழுந்தது. மணல் விழுந்தது. தண்ணீர் இறங்கியது. சிமென்ட் வரவில்லை. காத்திருந்தேன். உருளை சுற்றிக்கொண்டே இருக்கிறது, உள்ளே வெறும் கல் கிடந்து கரகரவென்று அலறுகிறது. கண்ணாடி வழியாக மேலே பார்த்தால் ஓர்லினின் முகத்தில் நீல வெளிச்சம் அடிக்கிறது.

ஏறிப் போனேன். திரை முழுக்க நீலம். நடுவில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. புதுப்பிப்புகள் நடைபெறுகின்றன, கணினியை அணைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது. கீழே பூஜ்ஜியம் சதவீதம்.

சற்று முன் அந்தப் பெட்டி மறுபடியும் வந்ததாம். வழக்கமான பட்டன் இல்லையாம். 'சரி' என்று ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம். எடை எண்களை மறைத்துக்கொண்டு நின்றதால் அதை அமுக்கி விலக்கியிருக்கிறான். பதினைந்து நிமிஷம் கழித்து எல்லாம் அணைந்துவிட்டது.

வயரைப் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டேன். நான் கிட்டத்தட்ட கையை வைத்துவிட்டேன்.

"புடுங்காத மச்சான். நடுவுல புடுங்குனா மொத்தமா செத்துரும். அப்புறம் இந்த வாரமே போச்சு."

அந்த இரும்புப் பலகை இருந்திருந்தால் அவன் கண்ணை மூடிக்கொண்டு கலவை போட்டிருப்பான். சுவரில் அது இருந்த இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம், பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

நாற்பது மைலுக்கு அப்பால் இருக்கும் இன்னொரு ஆலைக்கு நான் போன் செய்தேன். அவர்களுடைய வண்டிகள் எல்லாம் நெடுஞ்சாலை வேலையில் இருந்தன. ஓர்லின் நகரத்து அலுவலகத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டான். முதலில் இசை போட்டார்கள். பதினொரு நிமிஷம் இசை. அதற்குள் திரை ஏறி ஏறி இருபத்தேழுக்கு வந்து நின்றுவிட்டது. அப்புறம் ஒரு பெண் வந்தாள். ஓர்லின் போனை மேஜையில் வைத்துச் சத்தமாகப் போட்டான்.

"எத்தனை பர்சென்ட்னு காட்டுது சார்?"

"இருபத்தேழு."

"அப்ப நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு சார்."

"ரொம்ப நேரமா இருபத்தேழுலயே நிக்குதும்மா. இங்க கான்கிரீட் காயுது."

"புரியுது சார். ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

ஓர்லின் போனைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டான்.

"அதத்தாம்மா அது பண்ணிக்கிட்டிருக்கு."

அவள் மன்னிப்புக் கேட்டாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள். இன்றைய சேவை எப்படி இருந்தது என்று ஐந்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று ஒரு குரல் கேட்டது. அந்த மரியாதைப் பேச்சு இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பட்டை அறுந்ததற்கு ஆர்விட் வாய்விட்டுத் திட்டியிருப்பார், பட்டையும் வாங்கிக்கொண்டு சும்மா கிடந்திருக்கும். இது சிரித்துக்கொண்டே கழுத்தை நெரிக்கிற சாதி.

அதற்குள் கீழே ஏழு வண்டிகள் காலியாக வரிசை கட்டிவிட்டன. என் உருளைக்குள் இருந்த ஜல்லியையும் மணலையும் முற்றத்தில் கொட்டினேன். சிமென்ட் சேராத அந்த ஈரக் குவியல் பார்க்கவே வாந்தி எடுத்ததுபோல் கிடந்தது.

க்வெண்டா வயர்லெஸ்ஸில் கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் முழுசாகக் கேட்டாள்: ஓர்லின், என்ன ஆச்சு, எவ்வளவு நேரம் ஆகும் என்று. அப்புறம் "எத்தனை?" என்று மட்டும். இவன் "இருபத்தேழு" என்பான். வண்டிக்காரர்கள் எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அரங்கத்துக் கொத்தனார்களும் கேட்டார்கள். தரை போடுவதை வேடிக்கை பார்க்க வந்திருந்த பாதி ஊரும் கேட்டது.

"எத்தனை?"

"இருபத்தேழு."

அங்கே ஈரச் சாக்கைக் கொண்டுவந்து கான்கிரீட்டின் ஓரத்தில் போர்த்தினார்களாம். காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்ததாம். கொத்தனார் மேஸ்திரி ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மண்டியிட்டு ஓரத்தில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாராம். பதினொன்றே முக்காலுக்கு வயர்லெஸ் கரகரத்தது. இந்த முறை க்வெண்டா எத்தனை என்று கேட்கவில்லை.

"ஓர்லின். வெரல் எறங்கல."

ஓர்லின் வயர்லெஸ்ஸை மேஜையில் வைத்தான். கவிழ்த்து வைத்தான்.

திரை அதன்பின் ஒரே தாவாகத் தாவி நூறுக்குப் போனது. மறுதொடக்கம் ஆனது. வணக்கம் என்றது. உங்களுக்காகச் சில புதிய வசதிகளைத் தயார் செய்திருக்கிறோம் என்றது. பின்னணிக்கு மலைப்படம் வேண்டுமா, கடல்படம் வேண்டுமா என்று கேட்டது. மூலையில் யாரோ ஒரு நடிகைக்கு விவாகரத்து ஆன செய்தி வந்து நின்றது. எடைக் கருவியை மட்டும் அதற்கு அடையாளம் தெரியவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்க இன்னும் இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. மீண்டும் சிமென்ட் விழுந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

மீதிப் பதினாலு லோடையும் ஓர்லின் போட்டான். அத்தனையும் அளவு பிசகாத கலவை. விசில் இல்லை.

மாலை ஆறு மணிக்கு இருவரும் அரங்கத்துக்குப் போனோம். வெளியூர் ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேரே, தரையின் குறுக்கே, கோணல்மாணலாக ஒரு கோடு. பழைய பாதி வெளிறி, புதுப் பாதி கறுத்து இருந்தது. ஓர்லின் நடப்பதற்காகப் போட்டிருந்த பலகையில் மண்டியிட்டுக் குனிந்து அதன் மேல் விரலை வைத்து, கை எட்டும் தூரம்வரை தடவினான். க்வெண்டா அவனிடம் காபி நீட்டினாள். வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

ஒரு வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று லவோன் சொன்னாள். அவள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கி அடுப்பில் வைத்து எடுத்ததை முள்கரண்டியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிவிட்டு எழுந்துவிடுவானாம். காபிக்கடையிலும் பேச்சு கிளம்பிவிட்டது. பக்கத்து மேஜையில் ஒருவர், எங்கள் காது கேட்கவே, ஹாகெருட் குடும்பத்துக்காரன் கை வைத்தால் ஒட்டு விழாமல் இருக்குமா என்றார். அவர் கெட்டவர் இல்லை, என் சித்தப்பா மகளைக் கட்டினவர்தான். ஓர்லின் காதில் விழாததுபோல் பாத்திரத்திலிருந்து சர்க்கரையை அள்ளிக்கொண்டே இருந்தான். அவன் காபிக்குச் சர்க்கரை போடுகிறவனே இல்லை. இனி இருபது வருஷம் கழித்து, ஓர்லின்ல தடுக்கிட்டேன் என்று ஏதாவது ஒரு பிள்ளை சொல்லப்போகிறது. அந்த நினைப்புதான் அவனைத் தின்றது.

அந்த மாதக் கடைசியில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டார்கள். நகரத்துக் கம்பெனியிலிருந்து பிரைஸ் கான்ட்ரெல் என்று ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மண் படாத ஷூ. அவருக்கும் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக்கும் காபியும் கொடுத்தோம். அவர் ஒரு தாளைப் பிரித்து வாசித்தார். கணினிக்குள் எல்லாம் பதிவாகியிருக்கிறதாம். புதுப்பிப்பை ஆலைக்காரர் நாற்பத்து மூன்று முறை தள்ளிப்போட்டிருக்கிறார். அன்று காலை பத்து இருபத்து நாலுக்குச் சம்மதம் தெரிவித்திருக்கிறார். ஆகவே இது இயக்குபவரின் கவனக்குறைவு. அதை ஒப்புக்கொண்டு ஓர்லின் ஒரு கையெழுத்துப் போட்டால் ஃபைலை மூடிவிடலாம். கையெழுத்துப் போட்டால் ஒட்டு ஓர்லினுடையது என்று தாளிலேயே ஆகிவிடும். கீழ்த்தளத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது.

ஓர்லின் எழுந்து நின்றான். அவன் கூட்டத்தில் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.

"அமுக்குனீங்களா, இல்லையா?" என்றார் பிரைஸ்.

"அமுக்குனேன். எடைய மறைச்சுக்கிட்டு நின்னுச்சு."

"அதுக்கு முன்னாடி நாப்பத்து மூணு தடவை?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"இல்லையே. 'அப்புறம்'னுதானே அமுக்கியிருக்கீங்க."

"ஆமா. அதத்தான் சொல்றேன்."

கீழ்த்தளம் முழுக்க ஒரு மெல்லிய சிரிப்பு ஓடியது. பிரைஸ் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். க்வெண்டா காபிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பெட்டியில 'வேண்டாம்'னு ஒரு பட்டன் இருக்கா தம்பி?"

"அப்படித் தனியா கிடையாதும்மா. ஆனா..."

"அப்ப அவரு எத அமுக்கியிருக்கணும்?"

பிரைஸ், பாதுகாப்பு, கொள்கை, கெடு என்று என்னவெல்லாமோ சொன்னார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசுவது எங்கள் வழக்கம் இல்லை. கேக்கைத் தின்றுகொண்டு கேட்டோம். முடித்துவிட்டுத் தாளையும் பேனாவையும் ஓர்லின் முன்னால் வைத்தார். ஓர்லின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தான். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். பின்பக்கம் வெற்றுத்தாள். பேனாவை மூடி, தாளின் மேல் நேராக வைத்து, இரண்டையும் சேர்த்து அவர் பக்கம் நகர்த்தினான்.

"அப்புறம் பாக்கலாங்க."

எல்லோரும் கோப்பைக்குள் குனிந்துகொண்டோம். பிரைஸுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. மிக்க நன்றி, திங்கட்கிழமை நினைவூட்டுகிறேன் என்று சொல்லி ஓர்லினின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அரங்கம் டிசம்பரில் திறந்தது. ஜனவரியில் ஒட்டு வெடித்தது, வெடிக்கும் என்று தெரிந்த மாதிரியே. நானும் ஓர்லினும் லவோனும் ஒரு சனிக்கிழமை ஆட்டம் பார்க்கப் போயிருந்தோம். வெளியூர் அணிக்காரன் ஒருவன் தன் பெஞ்சுக்கு நேரே வந்தவன் தலைகுப்புற விழுந்து ஓரத் தடுப்புப் பலகை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போனான். எங்கள் பின்வரிசையில் ஒருவர் திருப்தியாகச் சொன்னார்.

"வாரிவிட்டுருச்சு பாரு, இருபத்தேழு."

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், போன வாரம் இருபத்தேழில் இரண்டு பேர் விழுந்தார்கள் என்றார். ஊர் எப்போது அந்தப் பெயரை வைத்தது என்று எனக்குத் தெரியாது. அன்று வயர்லெஸ்ஸில் கேட்டுக்கேட்டு அதுவே நின்றுவிட்டது போலிருக்கிறது. லவோன் என் முழங்கையைப் பிடித்து நசுக்கினாள். ஓர்லின் திரும்பிப் பார்க்கவில்லை. ஐஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் கழித்து என் மடியிலிருந்த சோளப்பொரிப் பையை எடுத்து, ஆட்டம் முடியும்வரை தானே தின்று தீர்த்தான்.

அந்த வசந்தத்தில் வேலையை விட்டுவிட்டான். ஆலையில் இப்போது வேறு ஆள் இருக்கிறார். பழையதுபோல ஒரு இரும்புப் பலகையைத் திரும்ப வைக்கச் சொல்லி ஊரார் கம்பெனிக்கு எழுதிக் கேட்டதற்கு, ஆவன செய்யப்படும் என்று பதில் வந்தது. சுவரில் நாலு ஓட்டையும் அப்படியே இருக்கிறது. போன கோடையில் ஒரு பண்ணைக்காரரின் மாட்டுக்கொட்டில் தரை பாதியில் நின்றது. என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பிரைஸ் சொன்ன சொல் தவறவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓர்லின் வீட்டுப் போன் அடிக்கும். முதல் சில மாதம் அவரே பேசினார். ஓர்லின் அப்புறம் என்பான், அவர் நன்றி என்பார். பிறகு அவரும் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். இப்போது பதிவு செய்த குரல் பேசுகிறது. நான் திங்கட்கிழமைதோறும் அங்கே காபிக்குப் போகிறவன், நானே கேட்டிருக்கிறேன். உங்கள் கையெழுத்துக்காக ஒரு ஆவணம் காத்திருக்கிறது. சம்மதம் என்றால் ஒன்றை அமுக்கவும், அப்புறம் நினைவூட்ட வேண்டுமென்றால் இரண்டை அமுக்கவும். அவ்வளவுதான். மூன்று கிடையாது.

ஓர்லின் இரண்டை அமுக்கி, போனை லவோனிடம் கொடுத்துவிட்டு, என் கோப்பைக்குக் காபி ஊற்றுவான்.